வயல் என்கிற சொல்

விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலிக் களிமண், சூளை, பொம்மை, ஃபியூஸ் கட்டை. இங்கே உட்கார்ந்துகொண்டு எண்ணெய்க் கம்பெனி பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் கடைசியில் வரும்.

2015இல் மத்திய அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஓ.என்.ஜி.சி.யும் ஆயில் இந்தியாவும் கண்டுபிடித்துவிட்டு, கட்டுப்படியாகாது என்று விட்டுவைத்த இடங்களை ஏலம்விடும் கொள்கை. அந்த இடங்களுக்கு வைத்த பெயர் 'கண்டறியப்பட்ட சிறு வயல்கள்'. இந்தப் பெயரைக் கொஞ்சம் வாசித்துப் பார்க்க வேண்டும். நெல்லும் கடலையும் விளைகிற வயல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதை யாரும் 'கண்டறிய' வேண்டியதில்லை. அரசின் பிரதியில் மேலே உள்ள வயல் அழிந்து, கீழே உள்ளது வயலாகிவிடுகிறது.

ஏலம் கேட்க முன்அனுபவம் தேவையில்லை என்றார்கள். எண்ணெய் எடுத்தே பழக்கமில்லாதவரும் கேட்கலாம். வருவாயில் அரசுக்கு எவ்வளவு பங்கு, எத்தனை கிணறு, அதுதான் கணக்கு. கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம். விற்கும் விலையைக் கம்பெனியே பேசிக்கொள்ளலாம். 2017 பிப்ரவரி 15 அன்று 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் கர்நாடகத்து ஜெம் லேபரட்டரீஸ் என்கிற தனியார் நிறுவனத்துக்குப் போனது. மறுநாளே ஊர் உட்கார்ந்துவிட்டது.

இது மீத்தேன் இல்லை, ஹைட்ரோகார்பன்தான் என்று அப்போது ஒரு சமாதானம் சொன்னாங்க. இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்; மீத்தேனே ஒரு ஹைட்ரோகார்பன். பிறகென்ன வித்தியாசம்? மன்னார்குடியில் 2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி ஒப்பந்தம் போட்டு, எதிர்ப்பால் 2015இல் மாநில அரசு தடை விதித்த பிறகு 'மீத்தேன்' கெட்ட வார்த்தையாகிவிட்டது. ஆகவே வேறு சொல். பெயர் மாற்றுவது அதிகாரத்துக்கு எப்போதும் செலவில்லாத வேலை.

நிலத்தடி எண்ணெய் பட்டாதாரருக்குச் சொந்தமில்லை. நிலப்பகுதியில் குத்தகை தருவது மாநில அரசு, மத்திய அரசின் முன்ஒப்புதலோடு. விவசாயிக்கு மிஞ்சுவது மேல்மண்ணுக்கான வாடகை அல்லது இழப்பீடு. ஊரைக் கேட்கும் கட்டம் இந்த வரிசையில் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய துரப்பணத்தைத் தடுத்தது. ஏற்கெனவே நடப்பதைத் தொடவில்லை. குறை இருந்தாலும் அது போராடி வாங்கிய சட்டம். அதன் பட்டியலில் கடலூர் மாவட்டத்துக்கு ஐந்து ஒன்றியங்கள்: காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. விருத்தாசலம் இல்லை. கம்மாபுரமும் இல்லை. ஆனால் விருத்தாசலத்தின் படிவுப் பாறைகளை நிலவியலாளர்கள் காவிரிப் படுகையின் மேற்கு ஓரமாகத்தான் வரைந்து வைத்திருக்கிறார்கள்.