பென் டிரைவைச் செருகும் முன்

"சித்தப்பா, உபுண்டு நல்லா ஓப்பன் ஆகுது. ஆனா எதுல இன்ஸ்டால் பண்ணணும்னு கேக்குற எடத்துல எஸ்.எஸ்.டி.யவே காட்ட மாட்டேங்குது. பென் டிரைவ் மட்டும்தான் தெரியுது. டிஸ்க் போயிருச்சா?"

அண்ணன் மகன் போனில் கேட்டது இது. புது லேப்டாப்பில் லினக்ஸ் போட உட்காரும் பலரும் முட்டிக்கொள்ளும் இடமும் இதுவே. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அரை மணி நேரம் முன்புவரை விண்டோஸ் அதில்தானே ஓடிக்கொண்டிருந்தது?

ஐந்தாறு வருடம் உழைத்த கணினியில் லினக்ஸ் ஏற்றுவது இன்று சுலபமான வேலை. பென் டிரைவைச் செருகி, நாலு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும். பெட்டி பிரிக்காத லேப்டாப்தான் ஆட்டம் காட்டும். பழி வழக்கமாக லினக்ஸ் மேல் விழுகிறது. ஆனால் முடிச்சு பெரும்பாலும் கடையிலிருந்து வந்த விண்டோஸிலும் அதற்கு அடியில் இருக்கும் பயாஸிலும் விழுந்திருக்கும். அதை அங்கேயே அவிழ்ப்பதுதான் புத்திசாலித்தனம். பென் டிரைவைச் செருகிய பிறகு அவிழ்க்கப் பார்த்தால் வேலை இரட்டிப்பாகும்.

காணாமல் போன டிஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். 2020-இல் வந்த இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் சில்லுகளிலிருந்து வி.எம்.டி. என்றொரு ஏற்பாடு லேப்டாப்களில் பரவலாகிவிட்டது. எஸ்.எஸ்.டி. நேரடியாகக் கண்ணில் படாது. வாசலில் காவலாளியை உட்கார வைத்த வீடு மாதிரி, இன்டெலின் கன்ட்ரோலர் ஒன்றைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். விண்டோஸில் அதற்கான ஆர்.எஸ்.டி. டிரைவரைக் கம்பெனியே போட்டு அனுப்பிவிடுகிறது. லினக்ஸ் இன்ஸ்டாலர் பலமுறை வாசலிலேயே நின்றுவிடுகிறது. உபுண்டுவாவது சில சமயம் "ஆர்.எஸ்.டி.யை அணைத்துவிட்டு வாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லும். மற்றவை வெறும் பட்டியலைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

அணைப்பது பயாஸில்தான். லேப்டாப்பைப் பொறுத்து 'வி.எம்.டி. கன்ட்ரோலர்' என்றோ, 'சாட்டா மோட்' என்பதன் கீழ் 'ரெய்டு' என்றோ இருக்கும். முன்னதை டிசேபிள் செய்யவேண்டும், பின்னதை 'ஏ.ஹெச்.சி.ஐ.' என மாற்றவேண்டும். ஏசர் லேப்டாப்கள் சிலவற்றில் இது கண்ணுக்கே தெரியாது. மெயின் பக்கத்தில் நின்று கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால்தான் அந்த வரி வெளியே வரும். பயாஸில் மறைத்து வைப்பதற்கு எத்தனையோ இருக்க, இதை ஏன் மறைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் நேரே போய் இதை மாற்றிவிடாதீர்கள். அடுத்த முறை விண்டோஸைத் திறந்தால் நீலத்திரை வரும். பூட் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று சொல்லி, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். "லினக்ஸ் போட்டேன், விண்டோஸ் போச்சு" என்ற புலம்பல்களில் ஒரு பங்கு இங்கே பிறப்பதுதான். விண்டோஸும் எங்கும் போகவில்லை, கம்பெனி போட்ட டிரைவரை விட்டுப் பொது டிரைவருக்கு மாறத் தெரியாமல் விழிக்கிறது. ஒரே ஒருமுறை சேஃப் மோடில் திறந்தால் மாறிக்கொள்ளும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். விண்டோஸில் எம்.எஸ்.கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியில் 'சேஃப் பூட்' டிக் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் எழுவதற்குள் பயாஸுக்குள் போய் வி.எம்.டி.யை அணையுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் திறக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி. சேஃப் மோடில் வழக்கமான பின் நம்பர் சில சமயம் செல்லாது, மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும்.

இதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தாலே டிஸ்க் தானாக என்கிரிப்ட் ஆகிவிடுவது வழக்கமாகிவிட்டது. உங்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பயாஸில் பூட் தொடர்பாக எதையாவது மாற்றியதும், "வேறு யாரோ கை வைக்கிறார்கள்" என்று விண்டோஸின் என்கிரிப்ஷன் ஏற்பாடான பிட்லாக்கர் சந்தேகப்பட்டு ரெக்கவரி கீ கேட்கும். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கம். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும். முதலிலேயே பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள். கல்லூரி சேர்ந்த வேகத்தில் யாரோ ஒரு நண்பரின் மெயிலில் கணக்குத் திறந்திருந்தால், கீயும் அந்த நண்பரிடம்தான் இருக்கும்! விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் ஒரே லேப்டாப்பில் வேண்டுமென்றால் என்கிரிப்ஷனை அணைத்துவிட்டு, சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்கி இடம் ஒதுக்குவது நல்லது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைக்கவேண்டும். அது இருக்கும்வரை ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதித் தூக்கத்தில் கிடக்கும் அந்த டிரைவில் லினக்ஸால் எழுதவும் முடியாது.

செக்யூர் பூட் பற்றி ஊரில் ஒரே வைத்தியம்தான்: அணை. 2012-இல் விண்டோஸ் 8-உடன் அது பரவியபோது லினக்ஸ்காரர்கள் பயந்தது உண்மை. மைக்ரோசாஃப்ட் கையெழுத்துப் போட்டதைத்தான் கணினி திறக்கும் என்றால் மற்றவர்கள் எங்கே போவது? பிறகு 'ஷிம்' என்ற சிறு புரோகிராம் வந்தது. மைக்ரோசாஃப்ட் கையெழுத்து அதற்கு மட்டும். அது உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் கையெழுத்தைச் சரிபார்த்து உள்ளே விடும். ஆகவே பெரிய டிஸ்ட்ரோக்களுக்குச் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையே இல்லை. என் கட்சி, அதை அப்படியே விடுவது.

கூடுதல் வேலை தேவைப்படும் இடம் என்விடியா டிரைவர். அது கெர்னலோடு வருவதில்லை, பெரும்பாலும் உங்கள் கணினியிலேயே தயாராகும். அதனால் கையெழுத்தும் நீங்கள்தான் போடவேண்டும். இன்ஸ்டாலர் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீல நிறத்தில் 'மாக் மேனேஜ்மென்ட்' என்ற திரை பத்து விநாடி எட்டிப் பார்க்கும். அதற்குள் ஒரு கீயைத் தட்டி, 'என்ரோல் மாக்', 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய், அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கவேண்டும். இதை வைரஸ் என்று நினைத்து பவர் பட்டனை அழுத்தியவர்கள் உண்டு. விட்டுவிட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது. இரண்டாவது மானிட்டர் வேலை செய்யாது, விளையாட்டு நத்தை வேகத்தில் நகரும், காரணம் தெரியாமல் ஒரு வாரம் போகும்.

இன்ஸ்டால் ஆவதற்கு முன்பே திரை கருப்பாக நின்றால் அது வேறு கதை. முதல் மெனுவில் 'இ' தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று சேர்த்து எஃப்10 அழுத்தினால் படம் வந்துவிடும். அது உள்ளே நுழைவதற்கான தற்காலிக வழி. சரியான டிரைவர் போட்டதும் எடுத்துவிடவேண்டும்.

செக்யூர் பூட்டால் வம்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், ஓட்டை இருந்த பழைய பூட் லோடர்களைத் தடை செய்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளை அது தொடாது என்று சொல்லியிருந்தார்கள். தொட்டது. காலையில் லினக்ஸைத் திறந்தவர்களை 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்ற வரி வரவேற்றது. அப்போது செக்யூர் பூட்டை அணைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி லினக்ஸ் பக்கம். இங்கே பெரும்பாலான தொல்லைக்கு வயதுதான் காரணம். லேப்டாப்பைவிட பென் டிரைவில் இருக்கும் கெர்னல் மூத்ததாக இருந்தால், தனக்குப் பின் பிறந்த வைஃபை சில்லை அதற்கு எப்படித் தெரியும்? 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04-இல் இருப்பது 6.8 கெர்னல். 2025 ஆகஸ்டின் 24.04.3-இல் இருப்பது 6.14. பெயர் ஒன்றுதான், நடுவில் ஒரு வருட டிரைவர்கள். மேசை டிராயரில் கிடக்கும் பழைய பென் டிரைவை எடுத்துச் செருகிவிட்டு "வைஃபை வரவில்லை" என்பதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களா? போனை யூ.எஸ்.பி. கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள், அப்டேட் இறக்குங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகும். வைஃபைக்கு ஃபர்ம்வேர் தேடி அலையும் கொடுமையை டெபியன் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்போடு முடித்து வைத்தது. கட்டற்ற மென்பொருள் அல்லாத ஃபர்ம்வேரையும் அதிகாரபூர்வ வட்டிலேயே சேர்க்க முந்தைய ஆண்டு ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்தார்கள். கொள்கைப் பிடிப்பாளர்களுக்கு வருத்தம்தான். லேப்டாப் வாங்கியவருக்கு நிம்மதி.

எல்லாம் முடிந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். பயந்துவிட வேண்டாம். உள்ளே இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை ஊர் நேரம் என்று படிக்கும். நமக்கும் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி அந்த ஐந்தரை மணி. இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும், லினக்ஸில் ஒரே கட்டளையில் முடியும்.

தீராதவையும் சில உண்டு. பையில் வைத்த லேப்டாப் சூடாகி, சாயங்காலத்துக்குள் சார்ஜ் காலியாவது அதில் ஒன்று. புதியவை பலவற்றில் பழைய மாதிரி ஆழ்ந்த தூக்கத்துக்குப் பயாஸிலேயே இடமில்லை. அப்படியானால் ஹைபர்னேட் செய்ய ஏற்பாடு செய்துகொள்ளலாம், அல்லது ஷட் டவுன் செய்துவிட்டுக் கிளம்பலாம். இன்னொன்று கேமரா. இன்டெலின் ஐ.பி.யூ.6 என்ற படச் செயலி வழியாக இயங்கும் மெல்லிய கேமராக்களுக்கான டிரைவரில் ஒரு பகுதியே 6.10 கெர்னலில்தான் உள்ளே வந்தது. பல மாடல்களில் இன்னும் படம் வராது. ஆகவே 'ட்ரை உபுண்டு' என்று இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கும் வசதியில் கேமராவைத் திறந்து பாருங்கள், ஒரு பாட்டுப் போடுங்கள், மூடியை மூடித் திறங்கள். கேமரா மட்டும் வரவில்லை என்றால், அடுத்த வாரம் ஆன்லைன் இன்டர்வியூ இருக்கிறவர் யூ.எஸ்.பி. வெப்கேமரா ஒன்று வாங்கிக்கொள்வது மேல். அவற்றுக்குப் பெரும்பாலும் தனி டிரைவர் வேண்டியதில்லை, செருகினால் ஓடும்.