தண்டவாளம் வகுத்த தமிழ்ப் பேட்டைகள்

மாதுங்கா என்ற பெயரில் மும்பையில் இரண்டு இரயில் நிலையங்கள் உள்ளன. மத்திய இரயில்வேயில் மாதுங்கா. மேற்கு இரயில்வேயில் மாதுங்கா ரோடு. போதாக்குறைக்குத் துறைமுக வழித்தடத்தின் கிங்ஸ் சர்க்கிள் நிலையமும் அருகிலேயே இருக்கிறது. ஊரிலிருந்து முதன்முறை வரும் உறவினர் தவறான நிலையத்தில் இறங்கிவிட்டுத் திகைத்து நிற்பது மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால், இந்நகரில் தமிழர் எங்கே குடியேறினர், ஏன் அங்கே குடியேறினர் என்பதற்கான விடையும் இத்தடங்களிலேயே கிடைக்கிறது.

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் இரயில் ஓடியது. 1871இல் பம்பாயிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் இராய்ச்சூரில் இணைந்தன. அதன்பின் தெற்கத்தியருக்குப் பம்பாய் எட்டாத ஊராக இல்லை.

முதலில் வந்தோரில் திருநெல்வேலிச் சீமையின் தோல் தொழிலாளர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். துர்நாற்றம் வீசும் தொழில் நகருக்குள் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது. பாந்திராவின் இறைச்சிக்கூடத்துத் தோல்கள் எளிதில் வந்து சேரும் சதுப்பு நிலமான தாராவியில் அது வேரூன்றியது. மேற்கே ஒரு தண்டவாளம், கிழக்கே ஒரு தண்டவாளம், வடக்கே கழிமுகம். சயான், மாஹிம், மாதுங்கா நிலையங்கள் சுற்றிலும் இருந்தும், இரயில் தாராவிக்குள் நுழையவில்லை. எனினும் சதுப்பைத் தூர்த்து வீடு கட்டியவர்கள் 1913இல் ஒரு பிள்ளையார் கோவிலையும் எழுப்பினர். சௌராஷ்டிரக் குயவர்களின் கும்பர்வாடா இன்றும் அங்கே புகைந்துகொண்டிருக்கிறது.

தண்டவாளத்தின் கிழக்கே கதை வேறு. 1896இல் பரவிய பிளேக் நோய் நகரின் நெரிசலை உலகறியச் செய்தது. 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர் முதல் சயான் வரையிலான நிலத்தில் அகன்ற தெருக்களையும் பூங்காக்களையும் வகுத்தது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வந்த தமிழ் இளைஞர்களுக்கு மாதுங்கா பொருத்தமாக அமைந்தது. விக்டோரியா டெர்மினஸ் சுமார் 10 கிலோமீட்டர். கையில் ஒரு சீசன் டிக்கெட் இருந்தால் போதும். 1915இல் தொடங்கிய மாதுங்கா இரயில்வே பணிமனையும் பலருக்கு வேலை தந்தது. ஆஸ்திக சமாஜம் வந்தது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது. தனியாக வாழ்ந்த குமாஸ்தாக்களின் பசியை உடுப்பி உணவகங்கள் தீர்த்தன. நிலையத்தை ஒட்டி 1942இல் தொடங்கிய இராம நாயக்கின் உணவகத்தில் இன்றும் இலை போட்டே பரிமாறுகிறார்கள்.

ஒரே மொழி பேசியவர்கள்தாம். ஆயினும் தாராவியிலிருந்து மாதுங்காவுக்கு நடந்தே போகலாம் என்ற தொலைவைத் தாண்டிய ஓர் இடைவெளி அவ்விரு பேட்டைகளுக்கும் நடுவே இருந்தது. சாதியும் கல்வியும் அதை உருவாக்கின. தண்டவாளம் அதற்கு எல்லைக்கோடு போட்டது.

செம்பூரின் தொடக்கம் சற்று வேடிக்கையானது. 1906இல் குர்லாவிலிருந்து செம்பூருக்குப் போடப்பட்ட ஒற்றைப் பாதை, நகரத்துக் குப்பையைச் சுமந்து செல்வதற்கானது! பயணிகளுக்கு அது திறக்கப்பட்டது 1924இல்தான். அதற்கு மறு ஆண்டு, 1925 பிப்ரவரி 3 அன்று, இந்தியாவின் முதல் மின்சார இரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து துறைமுகத் தடத்தில் குர்லா வரை ஓடியது. பிரிவினைக்குப் பின் அகதிகள் செம்பூரில் குடியமர்ந்தனர். மாதுங்காவில் இடம் போதாத அடுத்த தலைமுறைத் தமிழர்களும் இங்கே வந்தனர். சேடா நகர் முருகன் கோவிலுக்கு அவர்கள் வைத்த பெயர் திருச்செம்பூர். திருச்செந்தூரை நினையாமல் அப்பெயரைச் சொல்ல முடியாது. 1992இல் தடம் வாஷியை எட்டியபோது, அவர்களின் பிள்ளைகள் கடற்கழியைக் கடந்து நவி மும்பைக்குச் சென்றனர்.

இப்போது தாராவி மீண்டும் பேசப்படுகிறது. மறுசீரமைப்புத் திட்டத்தின் விதிப்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று உள்ளவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு. பின்னர் வந்தோருக்கும் மாடிகளில் வசிப்போருக்கும் நகரின் வேறு பகுதிகளில் இடம் தரப்படும். பழைய மின்கட்டண இரசீதும் குடும்ப அட்டையும் பெட்டிகளிலிருந்து வெளியே எடுக்கப்படுகின்றன. தோல் பை தைப்பவருக்கும் வீட்டிலேயே இட்லி அவித்து விற்பவருக்கும் வீட்டின் சதுர அடியைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. புதிய இடத்திலிருந்து சயானுக்கு எத்தனை இரயில் மாற வேண்டும் என்பதே அது.