பரம்வீர் சக்ராவா, அசோக சக்ராவா: எது பெருசு?

'அமரன்' படம் வந்ததுல இருந்து, இங்க கெலமங்கலம் டீக்கடை வரைக்கும் என்கிட்ட கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "மேஜர் முகுந்துக்கு ஏன் பரம்வீர் சக்ரா கொடுக்கல? அசோக சக்ரா ஒரு படி கம்மியா?" இன்னொரு தமிழ் மேஜரோட வாழ்க்கையைப் பார்த்தா இது தெளிவாகும்.

ராமசாமி பரமேஸ்வரன், 1946-ல் பம்பாயில் பிறந்தவர். சென்னையில் அதிகாரிப் பயிற்சி முடித்து, 1972-ல் மகார் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். 1987-ல் அமைதிப்படையோட இலங்கை போனார். அந்த நவம்பர் 25-ம் தேதி, தேடுதல் வேட்டை முடிந்து படை திரும்பும்போது புலிகள் மறைந்திருந்து தாக்கினாங்க. பரமேஸ்வரன் பின்பக்கமா சுற்றிப் போய் அவங்க மேலேயே பாய்ந்தார். கைகலப்பில் நெஞ்சில் குண்டு. சுட்டவரோட துப்பாக்கியைப் பிடுங்கி அவரையே சுட்டார். உயிர் போகும் வரைக்கும் தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கிட்டே இருந்தார். மறைவுக்குப் பின் அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. பரங்கிமலை பயிற்சி அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு இன்னைக்கு அவர் பேர்தான்.

அதே அகாடமியில் பயிற்சி எடுத்தவர்தான் முகுந்த் வரதராஜன். 2014 ஏப்ரல் 25, காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளோட நடந்த சண்டையில் இறந்தார். அவருக்கு அசோக சக்ரா.

ஏன் இந்த வித்தியாசம்? விதி இதுதான்: பரம்வீர் சக்ரா 'எதிரியின் முன்' காட்டிய வீரத்துக்கு. அசோக சக்ரா, எதிரியை நேருக்கு நேர் சந்திக்கும் போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கு. உள்நாட்டுத் தீவிரவாத எதிர்ப்பு பொதுவா இந்த இரண்டாவது கணக்கில்தான் வரும். பரம்வீர், மகாவீர், வீர் ஒரு வரிசை. அசோக, கீர்த்தி, சௌர்ய இன்னொரு வரிசை. கம்பெனி பாஷையில சொன்னா, கிரேடு ஒண்ணு, டிபார்ட்மென்ட் வேற. அதனாலதான் 1999 கார்கில்ல பாகிஸ்தான் படையோட மோதி இறந்த திருச்சி மேஜர் சரவணனுக்கு, போர்க்கள வரிசையில் வீர் சக்ரா.

அதாவது, பதக்கத்தோட பேர் எந்த மாதிரி சண்டைன்னு சொல்லுது. யாரோட தைரியம் அதிகம்னு சொல்லல.

இதை வெச்சு பரமேஸ்வரன் கதையைத் திரும்பப் பாருங்க. அறிவிக்கப்பட்ட போர் இல்ல. போன படையோட பேரே அமைதிப்படை. ஆனா கொடுத்தது போர்க்கள விருது. அங்க நடந்தது போர்தான்னு அந்த ஒரு பதக்கமே ஒத்துக்குது.