விளக்கெரிந்தும் இணைப்பில்லை

ஓய்வு பெற்ற பின்னரும் நான் ஒரு பள்ளியின் நிருவாகக் குழுவில் இருந்து வருகிறேன். சென்ற ஆண்டு ஒருநாள் காலை அங்கே மின்சாரம் நின்றது. பத்து நிமிடங்களில் திரும்பியும் விட்டது. ஆயினும் எட்டு அறைகளில் பொருத்தியிருந்த வைஃபைக் கருவிகளுள் ஐந்து பயன்படவில்லை. அவ்வேளையில் கணினி அறையில் இருந்தவர் இளம் உதவியாளர் ஒருவர். ‘அவர்தாம் எதையோ கெடுத்துவிட்டார்’ என்றனர் சிலர். ‘கருவிகள் பழுதாகிவிட்டன, ஐந்தையும் புதிதாக வாங்குங்கள்’ என்றார் விற்பனையாளர். இரண்டும் பிழை என்பது மாலைக்குள் தெளிவாயிற்று. தெளிந்த விதத்தைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கடைமடை வயல் காய்ந்தால் உழவர் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. மதகைப் பார்க்கப் போவார். சுவரில் மாட்டியிருக்கும் ஆக்சஸ் பாயிண்ட் என்னும் கருவி கடைமடை. கேபிள்கள் யாவும் வந்து சேரும் சுவிட்சு என்னும் பெட்டியே மதகு. மின்சாரம், செய்தி செல்லும் வழி, வலையமைப்பில் தனக்குரிய முகவரி ஆகிய மூன்றும் சுவிட்சின் வழியாகவே கருவிக்கு வந்து சேரவேண்டும். சுவிட்சு நின்று மீண்டும் எழும்போது இவற்றுள் எது வரவில்லை என்று தேடுவதே வேலை.

முதலில் மின்சாரம். செய்தி செல்லும் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறைக்கு 2003-ஆம் ஆண்டில் பொது விதி வகுக்கப்பட்டது. அதன்படி சுவிட்சின் ஒரு துளை 15.4 வாட் வரை தரலாம். வழியில் இழப்பாவது போக 12.95 வாட் கருவிக்குக் கிடைக்கும். 2009-இல் வந்த விதி துளைக்கு 30 வாட் வரை அனுமதித்தது. துளைகள் 24 இருப்பதால் 24 கருவிகளுக்கும் முழு மின்சாரம் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பெட்டி முழுமைக்கும் 195 வாட் மட்டுமே என்றால், 15.4 வாட் வீதம் 12 கருவிகளுக்கே கொடுக்க இயலும். மறுதொடக்கத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் கை நீட்டும். முன்னுரிமை குறைந்த துளைகள் இருண்டு போகும். விளக்கே எரியவில்லையானால் இதைத்தான் முதலில் ஐயுற வேண்டும். எங்கள் பள்ளியில் எட்டுக் கருவிகளிலும் விளக்கு எரிந்தது. ஆகவே இந்த ஐயம் நீங்கிற்று.

அடுத்தது பொறுமை. சுவிட்சு எழுந்திருக்கவே சில நிமிடங்கள் ஆகலாம். அதன் பின்னரும் வலையமைப்பில் செய்தி சுற்றிச் சுற்றி வராமல் காக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985-இல் வெளியிட்ட வழிமுறை அது. அதன் பழைய வடிவில் ஒவ்வொரு துளையும் 15 விநாடி கேட்டும் 15 விநாடி கற்றும் ஆன பின்னரே திறக்கும். அதற்குள் முகவரி கேட்டுக் கிடைக்காத கருவிகளுள் சில சோர்ந்து நின்றுவிடும்; அவற்றை ஒருமுறை கழற்றி மாட்டினால் போதும். நாங்கள் அரைமணி காத்திருந்தோம், கழற்றியும் மாட்டினோம். பயன் இல்லை. வைஃபையின் பெயர் கைப்பேசியில் தோன்றியது. முகவரி மட்டும் வரவில்லை.

அப்போது அந்த உதவியாளரே ஒரு யோசனை சொன்னார். வேலை செய்யும் கருவியையும் செய்யாத கருவியையும் இடம் மாற்றி மாட்டிப் பார்க்கலாம் என்றார். மாட்டினோம். ‘பழுதான’ கருவி நல்ல துளையில் இரண்டே நிமிடத்தில் இணைப்புத் தந்தது. நல்ல கருவி மற்றத் துளையில் ஊமையாயிற்று. நாற்பதாண்டு வகுப்பறையில் நின்ற எனக்கு, இதைவிடத் துப்புரவான சோதனையைக் கண்ட நினைவு இல்லை.

குற்றம் துளையில் என்றால், துளைக்கு என்ன நேர்ந்தது? சுவிட்சுக்கு இரண்டு நினைவுகள் உண்டு. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் நிற்பது. மற்றொன்று மின்சாரம் போனாலும் அழியாதது. நம் கட்டளை முதலாவதில் உடனே ஏறும். ‘சேமி’ என்று தனியே சொன்னாலன்றி இரண்டாவதில் ஏறாத சுவிட்சுகள் பல. சில மாதங்களுக்கு முன் ஒப்பந்தக்காரர் ஒருவர் அந்த ஐந்து கருவிகளைப் புதிதாகச் சேர்த்தார். அவற்றின் துளைகளை மாணவர்களுக்கென அமைந்த தனி வலைப் பிரிவில் அமைத்தார். சேமிக்க மறந்து போனார். மின்தடை வரும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மின்சாரம் நின்றதும் ஐந்து துளைகளும் பழைய பிரிவுக்கே திரும்பிவிட்டன. அங்கே முகவரி வழங்குவார் எவருமில்லை. முன்பே சேமித்திருந்த மூன்று துளைகள் மட்டும் பிழைத்தன.

உதவியாளர் அமைப்பைச் சரிசெய்து சேமித்தார். மாணவர்கள் சென்ற பின் நாங்களே சுவிட்சை வேண்டுமென்று நிறுத்தி மீண்டும் தொடங்கினோம். எட்டும் எழுந்தன. கருவி வாங்கும் ஆணை மறுநாளே நீக்கப்பட்டது. உதவியாளரிடம் விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்தையும் குழுவினர் திரும்பப் பெற்றனர். ஆயின் அதை வாயால் சொன்னார்களேயன்றி எழுதித் தரவில்லை. அது எனக்கு இன்றும் குறையாகவே படுகிறது.