முத்துக்குளித்துறையின் இரு கரைகள்: இலங்கைப் போருக்குப் பிந்திய மீள்கட்டமைப்பும் குடியுரிமைச் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. அதன்பின் நிகழ்ந்த மீள்கட்டமைப்பு பெரும்பாலும் சாலை, வீடு, துறைமுகம் ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் போரால் இடம்பெயர்ந்தோர் நிலத்தின் மீதும் கடலின் மீதும் குடியுரிமையின் மீதும் கொண்ட உரிமைகள் எந்நிலையில் உள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தூத்துக்குடி மாவட்ட முகாம்களில் வாழ்வோரின் சட்டநிலை இதில் முதன்மையாக ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மன்னார் வளைகுடா, தூத்துக்குடி, முசலி, இந்திய வம்சாவளித் தமிழர், நாடற்றோர், மறுவாழ்வு முகாம்

முன்னுரை

2011ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திலிருந்து 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்னும் பயணியர் கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் கப்பல் செலுத்திய அதே கடல்வழி இது. அவ்வாண்டு அக்டோபரில், ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் துணையுடன் தமிழக முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய ஒரு சிறு குழுவினர் இக்கப்பலிற் சென்றனர். வானூர்தியைவிடக் கப்பலில் கூடுதலான வீட்டுப்பொருள்களை எடுத்துச் செல்ல முடிந்தது. இருபது ஆண்டுகள் முகாமில் வாழ்ந்து திரும்பும் ஒரு குடும்பத்திற்கு இது சிறு செய்தியன்று. ஆயினும் நவம்பரிலேயே அச்சேவை நின்றுபோயிற்று.

கப்பல் நின்றதைப் பற்றி அன்று பலரும் எழுதினர். அக்கப்பலில் ஏறியவர்களும் ஏறாது முகாமிலேயே தங்கியவர்களும் எந்த நாட்டின் குடிமக்கள் என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை.

பிறப்பும் வழிவழியும்

உள்நாட்டுப் போருக்குப் பின் ஒரு நாடு யாரைத் தன் குடிமக்களாக ஏற்கிறது என்பதற்கு அமெரிக்க எடுத்துக்காட்டு நன்கறியப்பட்டது. அங்கு 1865இல் போர் முடிந்தபின், 1868இல் நிறைவேறிய 14ஆவது அரசமைப்புத் திருத்தம், அந்நாட்டின் ஆட்சிவரம்புக்குட்பட்டு அம்மண்ணில் பிறந்தோரைக் குடிமக்களாக்கியது. அவ்வுரிமைகள் 1877க்குப் பின் தென் மாநிலங்களில் நடைமுறையிற் பறிக்கப்பட்டன என்பது உண்மையே. எனினும் உரிமை கோருவதற்குரிய சட்ட அடிப்படை அழியாது நின்றது. அடுத்த நூற்றாண்டின் குடிசார் உரிமை இயக்கம் அதன்மீதே எழுந்தது.

இலங்கையில் நிகழ்ந்தது இதற்கு எதிரானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பிறந்த மண்ணை விடுத்து, தந்தைவழி மரபைக் குடியுரிமைக்கு அடிப்படையாக்கியது. தோட்டத் தொழிலாளரான இந்திய வம்சாவளித் தமிழர் பல இலட்சம் பேர் இதனால் நாடற்றோராயினர். 1949இல் வாக்குரிமையையும் இழந்தனர். இவர்களின் முன்னோர் பலர் கடல் கடந்தது தூத்துக்குடி வழியாகவே. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கப்படும்வரை, தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறை முகாமில் தங்கவைக்கப்பட்டே தொழிலாளர் கப்பலேற்றப்பட்டனர். பின்னர் அப்பணி மண்டபம் முகாமுக்கு மாறியது. 1983க்குப் பின் ஏதிலியராக வந்திறங்கியோர் முதலில் பதிவு செய்யப்பட்டதும் அதே மண்டபம் முகாமில்தான். கூலியாகப் போன பாட்டன் தங்கிய முகாமுக்கே பேரன் ஏதிலியாக வந்து சேர்ந்த குடும்பங்களும் உண்டு.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. சொத்துப் பிரிவினை போன்ற இக்கணக்கில் அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபோது, ஒப்பந்தப்படி வரவேண்டியோரிற் பலர் அக்கரையிலேயே தங்கினர். 1977ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி ஆகிய பகுதிகளிற் குடியேறியோர் போரின் நடுவே சிக்கினர். அவர்களிற் கணிசமானோர் படகேறித் தமிழகம் வந்தனர்.

முசலிக் கரை: நிலமும் கடலும்

தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில், மன்னார் மாவட்டத்தின் தென்பகுதியாகிய முசலிப் பிரிவில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் ஆகிய ஊர்கள் உள்ளன. முத்துக்குளிப்பின் வரலாற்றில் இவை தூத்துக்குடிக்கு இணையான பெயருடையவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் முகாமிட்டுக் குளித்தோரில் தூத்துக்குடி, கீழக்கரை ஊர்களின் குளியாட்கள் இருந்தனர். இடப்பெயர்வும் இக்கடலுக்குப் புதிதன்று. 1560இல் புன்னைக்காயல் பரதவரை மன்னார்த் தீவுக்குக் குடிபெயர்க்கப் போர்த்துக்கேயர் முனைந்தனர்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முஸ்லிம்களும் ஊரை இழந்து, பெரும்பாலும் புத்தளத்தில் முகாம்களில் வாழ்ந்தனர். 2009க்குப் பின் திரும்பியோர் தம் ஊர் காடாகியிருக்கக் கண்டனர். மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளில் ஒரு பரப்பு 2012இல் வன ஒதுக்கீடாக அறிவிக்கப்பட்டது. குடியிருந்தவர் துரத்தப்பட்டதால் மரம் வளர்ந்தது. மரம் வளர்ந்ததால் அது காடெனப்பட்டது. காடு என்பதால் திரும்பி வந்தவர் காடழிப்போராகக் கருதப்பட்டனர். சூழலியல் அக்கறையை இழிவாகக் கருதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் இடம்பெயர்ந்த இருபதாண்டுக் காலத்தைக் கணக்கிற் கொள்ளாத எந்த நிலப்பதிவும் துரத்தியவரின் செயலைச் சட்டமாக்கிவிடும்.

முள்ளிக்குளத்தின் கதை வேறு வகையானது. கத்தோலிக்கத் தமிழர் வாழ்ந்த இவ்வூர் மக்கள் 2007 செப்டம்பரில் போர் காரணமாக வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்தபின் அங்குக் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. ஊரவர் அருகிலுள்ள காட்டுப்பகுதியிற் குடிசையிட்டு வாழ நேர்ந்தது. 2017 மார்ச்சில் அவர்கள் தொடர் போராட்டம் தொடங்கினர். ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கர் விடுவிக்கக் கடற்படை உடன்பட்டது. அம்மக்கள் கேட்டது வீட்டுமனை மட்டுமன்று. கரைவலை இழுப்பதற்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் மரபுவழி உரியதான 'பாடு' என்னும் கடற்கரைப் பகுதியையும் கேட்டனர். தூத்துக்குடிக் கரையில் பிறந்த எவருக்கும் இதன் பொருள் விளங்கும்: பாடு இல்லாத மீனவனுக்குக் கட்டிக்கொடுத்த வீடு தங்குமிடமே தவிர ஊரன்று. போருக்குப் பின் இந்திய அரசு வழங்கிய 50,000 வீடுகள் திட்டம் மதிப்பிற்குரியது. அதன் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும் அமைந்தது. எனினும் கடலுரிமையை வீட்டுத்திட்டம் ஈடுசெய்ய இயலாது.

இவ்விடத்தில் நம் கரையின் பங்கையும் சொல்லாது விடுவது நேர்மையாகாது. போர்க்காலத்தில் வட இலங்கை மீனவர் கடலேறத் தடைகளிருந்தபோது, தமிழக இழுவைப் படகுகள் அக்கடலில் மீன்பிடித்தன. 2017இல் இலங்கை இழுவைமடி முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. அத்தடையை இனப்பகையாகவே பார்ப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பாதிக்கப்பட்டோர் போரில் மீண்டெழ முயலும் தமிழ் மீனவர் என்பதை அப்பார்வை மறைக்கிறது.

அரசியல் உரிமைகளின் நிலையும் இவ்வாறே முடிவுறாது நிற்கிறது. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டம்பர் 21இல் நடைபெற்றது. 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தபின் அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடத்தப்படவில்லை. காணாமற்போனோர் அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. காணாமற்போனோரின் தாய்மார் அதன்பின்னும் தெருவோரத்திற் படங்களுடன் அமர்ந்திருந்தனர்.

இக்கரை முகாம்கள்

தூத்துக்குடி மாவட்டத்தில் எட்டயபுரம் அருகே தாப்பாத்தியிலும் நகரை ஒட்டிய தாளமுத்துநகரிலும் முகாம்கள் உள்ளன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாயில் நலத்திட்டங்களையும் 7,469 வீடுகளையும் அறிவித்து, 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறியதால் சட்டநிலை மாறவில்லை. ஏனெனில் குடியுரிமை ஒன்றிய அரசின் அதிகாரத்துக்குட்பட்டது.

சிக்கலின் முடிச்சு மூன்று இடங்களிலுள்ளது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 சனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்தியாவிற் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாயிருக்க வேண்டும்; 2004 டிசம்பர் முதல் நிபந்தனை மேலும் இறுகியது. எனவே முகாமிற் பிறந்தோரிற் பெரும்பாலோர் இந்தியாவைத் தவிர வேறு மண்ணைக் காணாதவர்; ஆயினும் அயலார். இரண்டாவது, 2003ஆம் ஆண்டுத் திருத்தம். செல்லத்தக்க பயண ஆவணமின்றி நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறியாவார். அவர் பதிவின்வழிக் குடியுரிமை கோர இயலாது. உயிர்தப்பப் படகேறியவரிடம் கடவுச்சீட்டைத் தேடும் சட்டம் இது. மூன்றாவது, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கைப் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட சமயத்தார்க்கு நீக்கியது. இலங்கை அதில் இல்லை.

இலங்கைச் சட்டமும் நெடுங்காலம் இவர்களைப் புறத்தே நிறுத்தியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையிலேயே தொடர்ந்து வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கியது. போருக்குத் தப்பி இந்தியா வந்தவர் 'தொடர்ந்து' வாழ்ந்தவராகார். 2009இல் வந்த திருத்தமே இதனைச் சரிசெய்தது. முகாமிற் பிறந்த குழந்தைகளுக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவு பெறும் பணியில், 1984இல் சா.செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் உதவி வந்துள்ளது. ஒரு காகிதம்தான், அது இல்லாவிடில் திரும்பிச் சென்றவரின் பிள்ளை அங்கும் அயலாராகவே நடத்தப்படும்.

நீதிமன்றங்கள் சிறிது வழிவிட்டன. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கப் பணித்தது. 1986இல் மண்டபத்திற் பிறந்த பெண்ணொருவர்க்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு அதே கிளை 2022இல் ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவ்வுரிமை அவருக்குப் பிறந்த நாளிலேயே சட்டப்படி உரியது. 38ஆம் வயதில் அது கைக்கெட்டியது.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் அயல்நாட்டார் சட்டத்தையொட்டி, 2015 சனவரி 9 வரை இந்தியாவிற் புகலடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்க்கு, பயண ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து ஒன்றிய அரசு விலக்களித்தது. தாப்பாத்தியில் வாழ்வோரை ஆவணமின்மைக்காகச் சிறையிடும் அச்சம் இதனால் நீங்கியது. வாக்காளர் பட்டியலிற் பெயர் சேர்க்க அவ்விலக்கு போதாது.