உங்கள் அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டி ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கா?

அப்பார்ட்மென்ட் கேட்டில் புதிதாக ஒரு செக்யூரிட்டி நிற்கிறார். நேற்று நின்றவர் வேறு. இவர் யார், எந்த ஊர் என்று அசோசியேஷனில் யாருக்கும் தெரியாது. 'ஏஜென்சி அனுப்பிய ஆள்' என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

சரி, அந்த ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கிறதா? 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைக்க வேண்டும். கேட்டால் காட்டத் தயங்குகிறார்களா? அப்போதே உஷாராகிவிடலாம்.

காவலாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 65-ஐத் தொட்டிருக்கக் கூடாது. நன்னடத்தை விசாரணை, பயிற்சி, போட்டோவுடன் அடையாள அட்டை எல்லாம் கட்டாயம். 2006-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள், வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி என்றன. காலையில் வேலை கேட்டு வந்து இரவே டியூட்டியில் நிற்பவருக்கு அது எங்கே கிடைத்திருக்கும்? போலீஸ், ராணுவ உடை போலத் தோன்றும் யூனிஃபார்மை மாட்டிவிடுவதும் குற்றம்தான்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப் தொடர்பான சட்டங்களை மீறினாலும் ஏஜென்சியின் லைசென்ஸை ரத்து செய்யலாம். வந்த கொட்டேஷன்களில் ஆகக் குறைந்ததை அசோசியேஷன் தேர்ந்தெடுக்கும்போது, அந்தக் குறைவு யார் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை கொட்டேஷனோடு லைசென்ஸ் நகலையும் பி.எஃப் கட்டிய ரசீதையும் சேர்த்தே கேளுங்கள்.