ஃபைல் ஓப்பன் ஆகுது, ஆனா தமிழ் தெரியலையா? பழைய டிடிபி ஃபைல்களை மீட்பது எப்படி?

ஊர்க் கண்மாய் ஆக்கிரமிப்பு பற்றி திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு கொடுக்க வேண்டும். 'முன்னாடியே கொடுத்த மனு எங்கே?' என்ற கேள்வி வரும். அந்த மனு, பல வருடங்களுக்கு முன் டிடிபி கடையில் அடித்த ஃபைலாக பென் டிரைவில் இருக்கிறது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து கிடக்கிறது.

'கரப்ட் ஆயிடுச்சு' என்று டெலிட் செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஃபைல் நன்றாகவே இருக்கும். அதைப் படிக்க வேண்டிய எழுத்துருதான் உங்கள் போனில் இல்லை.

ஏன் இப்படி?

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், ஃபைலுக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து குறிகள்தான். எழுத்துரு இருந்தால் 'அம்மா' தெரியும். இல்லாவிட்டால் அந்தக் குறிகள் மட்டும் தெரியும்.

ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு கணக்கு என்பதால் குழப்பம் கூடியது. 1991-ல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனாலும், தமிழக அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-ல்தான். அதற்கு முந்தைய ஃபைல்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம்.

என்ன செய்யலாம்?

1. முதலில் காப்பி எடுங்கள். ஒரிஜினலைத் தொட வேண்டாம். ஸ்பெல் செக் காட்டும் சிவப்புக் கோட்டை நம்பித் திருத்தவே கூடாது. பாமினியில் சின்ன எம் என்றால் 'அ', பெரிய எம் என்றால் 'ஆ'. ஒரு எழுத்து மாறினாலும் சொல்லே மாறிவிடும்.

2. கம்ப்யூட்டரில் வேர்டு ஃபைலைத் திறந்து, ஒரு வரியை செலக்ட் செய்யுங்கள். மேலே எழுத்துருவின் பெயர் தெரியும்.

3. என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருளில் அந்தப் பெயரைத் தேர்வு செய்து, யூனிகோடுக்கு மாற்றுங்கள். சொந்த விவரங்கள் உள்ள ஆவணத்தை முன்பின் தெரியாத வெப்சைட்டில் ஏற்ற வேண்டாம்.

4. பத்தி பத்தியாக மாற்றுங்கள். நடுவில் உண்மையான ஆங்கில வார்த்தை இருந்தால், அதுவும் அர்த்தமில்லாத தமிழாக மாறிவிடும். பெயர், தேதி, சர்வே எண்ணை பிரிண்ட் காப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓப்பனே ஆகலைன்னா?

ஃபைல் பெயரின் கடைசியில் 'பிஎம்டி' அல்லது 'பி65' என்று இருந்தால், அது பேஜ்மேக்கர் ஃபைல். டிடிபி கடைகளில் அதிகம் புழங்கிய மென்பொருள் இது. வேர்டில் எத்தனை முறை தட்டினாலும் திறக்காது. லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள 'டிரா' செயலியில் முயலலாம், அது இலவசம். பக்க அமைப்பு கொஞ்சம் கலையலாம், வாசகம் கிடைத்தால் போதும். அடித்துக் கொடுத்த கடையில் பழைய பேஜ்மேக்கர் இன்னும் இருந்தால், பிடிஎஃப் ஆக மாற்றித் தரச் சொல்லலாம்.

மாற்றிய ஃபைலை யூனிகோடிலும் பிடிஎஃப்-பிலும் தனித்தனியாகச் சேமியுங்கள். யூனிகோடில் இருந்தால்தான் 'கண்மாய்' என்று தேடினால் அந்த மனு கிடைக்கும்.